பாதீடு

விழுப்புரத்தில் மாலை மக்தபை முடித்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறுவது நமது அன்றாட வழக்கம். சில வாரங்களுக்கு முன் ஒருநாள், நம்மிடம் சிறு வயதில் ஓதிய மாணவர் ஒருவர் பக்கத்து இருக்கையில் வந்தமர்ந்தார். கல்லூரியில் பயிலும் பிள்ளை. ஸலாம் உரைத்துவிட்டுச் சற்று நேரம் தயங்கியபின், "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது" என்றார்.

அவர் கூறியதன் சுருக்கம் இது. கைப்பேசியில் பலர் ஒன்றுகூடி ஆடும் ஆன்லைன் விளையாட்டு ஒன்று உண்டு. அதில் இவரும் இவர் நண்பர்களுமாக இருபத்துச் சொச்சம் பேர் ஒரு குழு அமைத்திருக்கின்றனர். 'கில்டு' என்பது அதன் பெயர். விழுப்புரத்தார் சிலர், திண்டிவனத்தார் சிலர், வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போர் சிலர். எல்லாரும் சேர்ந்து பல இரவுகள் போராடி ஒரு பெரும் பூதத்தை வீழ்த்தியபோது, அது விட்டுச் சென்ற பொருள்களில் அரிய வாள் ஒன்று இருந்தது. குழுத் தலைவர் அதனைத் தம் மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். குழு இரண்டாக உடைந்தது. ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பிள்ளைகள் இன்று ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் நிற்க மறுக்கின்றனர்.

நமக்கு முதலில் சிரிப்பும் அடுத்துச் சினமும் வந்தன. கையால் தொடமுடியாத வாளுக்கு ஒரு வழக்கா! இரவு முழுதும் விழித்திருந்து ஃபஜ்ரைத் தவறவிடும் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னோம்; அவரும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். ஆயினும் வீடு திரும்பிய பின் அந்த வினா நம்மை விடவில்லை. வாள்தான் பொய்யே தவிர, மனத்தாங்கல் மெய்யானது. பலர் கூடி ஈட்டியதைப் பலருக்கும் எவ்வாறு பிரிப்பது என்ற இவ்வழக்கு, பத்ருக் களத்திலேயே எழுந்த வழக்கல்லவா?

அவ்விளையாட்டு உலகத்தாரும் இதற்கு வழி தேடி அலைந்திருக்கின்றனர் என்பதை அம்மாணவரிடமிருந்தே அறிந்தோம். 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான 'எவர்குவெஸ்ட்' என்னும் விளையாட்டில் ஒரு குழுவினர் புள்ளிக் கணக்கு ஒன்றை ஏற்படுத்தினராம். டிராகனை வீழ்த்தும் போருக்கு வருவோர்க்கெல்லாம் வருகைக்கு ஏற்பப் புள்ளி. பொருள் கிடைக்கும்போது சேர்த்த புள்ளியைச் செலவிட்டு அதனைப் பெறலாம். வேறு சில குழுக்களில் மூத்தோர் அவை கூடி யாருக்குக் கொடுப்பதெனத் தீர்மானிக்கும். இன்னும் சிலவற்றில் பகடை உருட்டி எண் பார்ப்பர். முதல் முறையில் பழைய ஆட்கள் புள்ளிகளைக் குவித்துக்கொண்டு புதியோரை எட்டவிடாமல் செய்வர். இரண்டாவதில் மச்சான் உறவு நுழையும். மூன்றாவதில் உழைப்புக்கு மதிப்பில்லை. மூன்றும் மனிதகுலம் முன்பே நடந்து பார்த்த பாதைகள்தாம்.

நம் தமிழிலேயே இதற்கொரு பெயர் இருக்கிறது. தொல்காப்பியர் புறத்திணையியலில் வெட்சித் திணையின் துறைகளைச் சொல்லுமிடத்துப் பகைவர் ஆநிரையைக் கவர்தலை 'ஆகோள்' என்றும், கவர்ந்த நிரையைத் தம்முள் பகிர்தலைப் 'பாதீடு' என்றும் குறிப்பிடுகின்றார். பாதீட்டின் பின்னரே உண்டாட்டும் கொடையும் வருகின்றன. புறப்பொருள் வெண்பாமாலை இத்துறையை விளக்குகையில், வாளெடுத்துப் பொருதவருக்கு மட்டுமன்றி, ஒற்றறிந்து வந்து உரைத்தவருக்கும், புறப்படுமுன் நிமித்தம் பார்த்துச் சொன்னவருக்கும் பங்குண்டு என்று காட்டுகிறது. அவரவர் செய்த வினையை அறிந்து கொடுப்பதே பாதீடு. (இலங்கைத் தமிழர் இன்று அரசின் வரவு செலவுத் திட்டத்துக்கு இச்சொல்லையே வழங்குகின்றனர். எத்துணைப் பொருத்தம்!) நிரை கவர்ந்த போர்களிலும் மீட்ட போர்களிலும் வீழ்ந்தோருக்கு எடுத்த நடுகற்கள் செஞ்சிக்கு மேற்கே செங்கம் பகுதியில் நிறைய உள்ளன. உயிர் பிழைத்து வந்தவர் மாட்டைப் பெற்றார்; வீழ்ந்தவர் கல்லைப் பெற்றார்.

இனி அரபுநாட்டுக்கு வருவோம். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு ரமளானில், கி.பி. 624இல், பத்ருப் போர் முடிந்த அன்று நிகழ்ந்ததை உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் மறைக்காமல் உரைத்திருக்கின்றார்கள். முஸ்லிம்கள் மூன்று பிரிவாக இருந்தனர். ஒரு சாரார் தோற்றோடியவர்களைத் துரத்திச் சென்றனர். ஒரு சாரார் களத்தில் சிதறிய பொருள்களைத் திரட்டினர். ஒரு சாரார் அண்ணல் நபி (ஸல்) அவர்களைப் பகைவர் நெருங்காவண்ணம் சூழ்ந்து காத்து நின்றனர். இரவு கவிந்ததும், திரட்டியவர்கள் "இது எங்களுடையது" என்றனர். துரத்தியவர்கள் "நாங்கள் விரட்டாதிருந்தால் நீங்கள் எதைத் திரட்டியிருப்பீர்கள்?" என்றனர். காவல் நின்றவர்களோ, "எங்களாலும் திரட்ட முடிந்திருக்கும், நபியவர்களைத் தனியே விட அஞ்சியன்றோ நின்றோம்" என்றனர். மூவர் கூற்றும் நியாயம். அதுவே சிக்கல்.

அப்பொழுது அருளப்பெற்றதே அல்அன்ஃபால் அத்தியாயம். அதன் முதல் வசனம் எவருக்கும் பங்கு கூறவில்லை. பொருள் அல்லாஹ்வுக்கும் தூதருக்கும் உரியது, உங்களுக்கிடையே உள்ள உறவைச் சீர்செய்துகொள்ளுங்கள் என்று பணித்து அனைவர் கையிலிருந்தும் பொருளை எடுத்துவிட்டது. தங்கள் நடத்தை கெட்டதனால்தான் அது தங்கள் கையைவிட்டு வாங்கப்பட்டது என்று உபாதா (ரலி) அவர்களே ஒப்புக்கொள்கின்றார்கள். அதன்பின் பெருமானார் (ஸல்) அவர்கள் அதனை அனைவருக்கும் சமமாகப் பகிர்ந்தார்கள். ஐந்தில் ஒரு பகுதி அல்லாஹ்வுக்கும் தூதருக்கும், உறவினர், அநாதைகள், ஏழைகள், வழிப்போக்கர் ஆகியோருக்கும் உரியதென்னும் சட்டம் அவ்வத்தியாயத்தின் 41ஆம் வசனத்தில் இருக்கிறது. எஞ்சிய நான்கு பகுதிகள் களம் கண்டவர்களுக்கு.

களம் காணாதவருக்கு இல்லையா எனில், அதிலும் ஒரு நுட்பம் உண்டு. நபிகளாரின் மகளார் ருகய்யா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தமையால், அவர்களைப் பேணுமாறு பணிக்கப்பட்டு உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவில் தங்கினார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய பங்கு அவர்களுக்கும் அளிக்கப்பட்டது. கட்டளையால் விலகி நின்றவர் கலந்துகொண்டவரே ஆவார். கைபர் வெற்றியின்போது அபிசீனியாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஜஅஃபர் (ரலி), அபூமூஸா (ரலி) குழுவினருக்கும் பங்கு தரப்பட்டது. அதே கைபருக்கு, வேறொரு படைப்பிரிவுடன் போர் முடிந்த பின் வந்து சேர்ந்த அபான் இப்னு ஸஈத் (ரலி) அவர்களுக்குப் பங்கு கிட்டவில்லை. பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள், போரில் முன்னிலையானவருக்கே ஙனீமத் என்று விதி வகுத்தார்கள்.

கைபரின் கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 7இல், கி.பி. 628இல், அந்தப் பேரீச்சந்தோப்பு நிலம் 36 பெரும் பங்குகளாக வகுக்கப்பட்டது. அவற்றில் பாதியாகிய 18ஐ வரும் தூதுக்குழுக்களுக்கும் மக்களின் அவசரத் தேவைகளுக்குமாக நபிகளார் நிறுத்தி வைத்தார்கள். மற்ற 18ஐ, ஒவ்வொன்றும் நூறு சிறு பங்குகளாக, 1,800 பங்குகளாகப் படையினருக்குக் கொடுத்தார்கள். 1,800 எவ்வாறு வந்தது? ஓர் அறிவிப்பின்படி ஆள்கள் 1,400, குதிரைகள் 200. ஆளுக்கு ஒரு பங்கு, குதிரைக்கு இரு பங்கு எனக் கொண்டால் 1,400உடன் 400 கூடி 1,800 ஆகிறது. அபூதாவூதில் பதிவான மற்றோர் அறிவிப்பின்படி ஆள்கள் 1,500. அவருள் குதிரை வீரர் 300. காலாட்கள் 1,200 பேருக்கு 1,200 பங்கு. குதிரை வீரருக்குக் குதிரையும் சேர்த்து இரண்டிரண்டாக 600. கூட்டினால் அதே 1,800! இரண்டு கணக்கும் பிசகின்றி முடிகின்றன. இதை முதன்முதலில் ஓதியபோது கரும்பலகையில் கூட்டிக் காட்டி எங்கள் உஸ்தாத் புன்னகைத்த முகம் இன்னும் நினைவில் நிற்கிறது.

இவ்விரு கணக்குகளின் மீதுதான் மத்ஹபுகளின் கருத்து வேற்றுமை எழுந்தது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) உள்ளிட்ட பெரும்பான்மையோர் குதிரை வீரருக்கு மூன்று பங்கு என்றனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இரண்டுதான் என்றார்கள். ஒரு விலங்கை ஒரு முஸ்லிமைவிட உயர்த்த நான் உடன்படேன் என்பது அவர்கள் காட்டிய காரணம். அவர்களுடைய மாணாக்கர்களான இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் ஆசிரியரின் கருத்தை ஏற்கவில்லை. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக எழுதிய 'கிதாபுல் கராஜ்' நூலில் அபூயூஸுஃப் (ரஹ்) ஆசிரியரின் கூற்றை மரியாதையுடன் பதிந்துவிட்டு, இது விலங்கை உயர்த்துவதன்று, மக்கள் ஆர்வத்துடன் குதிரை வளர்ப்பதற்கான ஏற்பாடு என மறுமொழி சொல்கின்றார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், நம் உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபும் வழங்குகின்றன. குதிரை வீரர் என்னும் பொருளுடைய இராவுத்தர் என்ற பெயரைத் தாங்கிய குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். குதிரைக்காரர் வழியினர், குதிரைக்குக் குறைந்த பங்கு கூறும் மத்ஹபில் இருப்பதை எண்ணினால் வேடிக்கையாக இல்லையா?

அந்த மாணவரின் வழக்கிலும் இக்குதிரை உண்டு. விலையுயர்ந்த கவசமும் ஆயுதமும் முன்பே சேர்த்து வைத்திருப்பவன், தான் இல்லாவிட்டால் வெற்றியே இல்லை, ஆகவே தனக்குக் கூடுதல் பங்கு வேண்டும் என்கிறானாம். அவன் அபூயூஸுஃபின் கட்சி. தானும் அதே பத்து இரவுகள் விழித்தவனல்லவா என்பவன் அபூஹனீஃபாவின் கட்சி. இருவரும் தம்மை அறியாமலே பாக்தாதில் அமர்ந்திருக்கின்றனர்.

பகைவனை வீழ்த்தியவருக்கே அவன் உடைமை என்பது 'ஸலப்' எனப்படும். ஹுனைன் போரில் அபூகதாதா (ரலி) வீழ்த்தியவனின் உடைமையை வேறொருவர் எடுத்து வைத்திருந்தார். அபூபக்ர் (ரலி) அவர்கள் எடுத்துரைத்த பின் அது உரியவரிடம் சேர்ந்தது. அதை விற்று அவர் ஒரு தோட்டம் வாங்கினார். இஸ்லாத்தில் தாம் தேடிய முதற் சொத்து அதுவே என்றும் சொல்லியிருக்கின்றார். ஷாஃபிஈ மத்ஹபில் இது என்றென்றைக்குமான விதி. ஹனஃபி மத்ஹபில் தலைவர் அறிவித்தாலன்றி ஸலப் இல்லை. பொருளைக் கண்ட பிறகு விதி சொன்னால் அது விதியாகுமா, விருப்பமாகுமா? திண்டிவனத்துக் குழுத் தலைவர் தடுமாறியது இந்த இடத்தில்தான் என்பது நம் எண்ணம்.

ஆயினும் தலைவரின் விருப்பத்துக்கும் இடமளித்த ஒரு பங்கீடு உண்டு. ஹிஜ்ரி 8இல் ஹுனைன் போருக்குப் பின் ஜிஃரானாவில் குவிந்தவை 24,000 ஒட்டகங்கள், 40,000க்கும் மேற்பட்ட ஆடுகள், 4,000 ஊக்கியா வெள்ளி என வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். அண்மையில் இஸ்லாத்தைத் தழுவிய மக்காத் தலைவர்களுக்கு நூறு நூறு ஒட்டகங்கள் வழங்கப்பட்டன. பல்லாண்டு துணை நின்ற அன்ஸாரிகளுக்கு அவற்றில் ஒன்றுமில்லை. அவர்களுள் முணுமுணுப்பு எழுந்தது. நபிகளார் (ஸல்) அவர்கள் அதை அடக்கவில்லை. அவர்களை மட்டும் ஒரு தோல் கூடாரத்தில் கூட்டினார்கள். செவியுற்றது உண்மையா என்று நேரே கேட்டார்கள். புதியவர்களின் உள்ளங்களை இணைக்கவே கொடுத்ததாக விளக்கினார்கள். மற்றவர்கள் ஆட்டையும் ஒட்டகத்தையும் ஓட்டிச் செல்ல, நீங்கள் அல்லாஹ்வின் தூதரை உங்கள் ஊருக்கு அழைத்துச் செல்வதில் மனநிறைவு இல்லையா என்று வினவினார்கள். தாடி நனைய அழுதனர் அன்ஸாரிகள். விருப்பப்படி கொடுத்த தலைவர், குறைபட்டவர் முன் அமர்ந்து காரணம் சொன்னார்கள் என்பதையும், தம் வீட்டாருக்காக அதைச் செய்யவில்லை என்பதையும் அம்மாணவர் உற்றுநோக்க வேண்டும்.

நம் ஊர்ப்பக்கம் கண்ட பங்கீடுகள் வேறு வகையின. திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சி, வடக்கே வந்தவாசி, மரக்காணம் சாலையில் பெருமுக்கல். கர்நாடகப் போர்களில் இக்கோட்டைகள் கைக்குக் கை மாறின. செஞ்சி 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியிடம் வீழ்ந்தது. 1760 ஜனவரி 22இல் வந்தவாசிப் போரில் அதே புஸ்ஸி ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். படைகள் போகும் வழியிலெல்லாம் வயல் அழிந்தது, மாடு போயிற்று. அந்த உழவர்களை எந்தப் பங்கீட்டுப் பட்டியலும் அறியாது.

சென்னைப் படையின் பங்கீடு எத்தகையது என்பதைச் சீரங்கப்பட்டினம் காட்டிற்று. 1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து புறப்பட்டது. மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் வீரமரணம் எய்தினார். அன்றிரவு நகரில் சூறையாடப்படாத வீடு இல்லை என்னும்படி நேர்ந்ததை ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லியே எழுதியிருக்கின்றார். எஞ்சியதைப் பிரிக்கப் பங்கீட்டு முகவர்கள் அமர்ந்தனர். திப்புவின் பொன் வேய்ந்த அரியணையை முழுதாக யாருக்கும் பங்கிட இயலாதென்று அவர்கள் துண்டு துண்டாக உடைத்தனர். பின்னர்க் கவர்னர் ஜெனரலே அதற்கு வருந்தினார். மொத்த மதிப்பு 11 லட்சம் பவுனுக்கு மேல். அதில் எட்டில் ஒரு பங்கை ஹாரிஸ் எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 1,42,900 பவுன். அது மிகை என்று கம்பெனியே வழக்குத் தொடுத்தது; இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று ஹாரிஸுக்குச் சாதகமாகவே முடிந்தது. வெள்ளைச் சிப்பாய்க்குச் சில பவுன்கள். அதே மதிலேறிய நம் நாட்டுச் சிப்பாய்க்கு அதினும் குறைவு. குதிரைக்கும் ஆளுக்குமன்று, ஆளின் தோலுக்கும் தோலுக்கும் இடையே பங்கு வேறுபட்டது. கைபரில் தலைவருக்கும் வீரருக்கும் இடையே இருந்த கணக்கை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இவ்வனைத்திலும் பெரியதொரு வழக்கு கலீஃபா உமர் (ரலி) அவர்களின் முன் வந்தது. காதிஸிய்யாப் போரின் விளைவாக இராக்கின் செழுமையான வண்டல் நிலம் 'ஸவாது' முழுதும் கைக்கு வந்தது. ஐந்தில் ஒன்று போக மீதியைப் போர்வீரர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள் என்றனர் பலர். பிலால் (ரலி), ஸுபைர் (ரலி) போன்ற பெரியோர்களே அதனை வற்புறுத்தினர். கைபரில் பிரித்தது சான்றாக இருந்தது. உமர் (ரலி) அவர்கள் மறுத்தார்கள். இன்று நிலத்தையும் அதன் உழவர்களையும் பகிர்ந்துவிட்டால், நாளை வருவோர்க்கு எது மிஞ்சும்? எல்லை காப்போர்க்கு எதிலிருந்து படி கொடுப்பது? விதவைக்கும் அநாதைக்கும் எங்கிருந்து எடுப்பது? விவாதம் பல நாள் நீண்டது. அவ்ஸ் கூட்டத்தில் ஐவர், கஸ்ரஜில் ஐவர் என அன்ஸாரித் தலைவர்கள் பதின்மரை அழைத்து, தாமும் அவர்களில் ஒருவரே என்று கூறிக் கருத்துக் கேட்டார்கள். முடிவில் அல்ஹஷ்ர் அத்தியாயத்தை ஆதாரமாக எடுத்துரைத்தார்கள். அதில் முஹாஜிர்களுக்குப் பின், அன்ஸாரிகளுக்குப் பின், 'அவர்களுக்குப் பின் வருவோர்' என்னும் மூன்றாம் கூட்டமும் சுட்டப்படுகிறதே! பிறவாதவர்களும் அப்பட்டியலில் இடம்பெற்றுவிட்டனர். நிலம் உழவர் கையிலேயே விடப்பட்டது. உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அதனை அளந்து மூன்று கோடியே அறுபது லட்சம் ஜரீபு எனக் கணக்கிட்டார். விளைச்சலுக்கேற்ற வரி பொதுநிதிக்கு வந்தது.

இதில் நம் மனத்தைத் தொட்ட ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. காதிஸிய்யாவில் படையின் நாலில் ஒரு பங்கினராக நின்ற பஜீலா குலத்துக்கு ஸவாதின் நாலில் ஒன்று முன்னரே அளிக்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகள் அனுபவித்தும் விட்டனர். மக்கள் பெருகியதைக் காட்டி, அதனைத் திருப்பித் தருமாறு அவர்களின் தலைவர் ஜரீர் (ரலி) அவர்களிடம் உமர் (ரலி) அவர்கள் கேட்டார்கள். தாம் பொறுப்புக் கேட்கப்படுபவராக இல்லாதிருந்தால் கொடுத்ததை அப்படியே விட்டிருப்பேன் என்றும் சொன்னார்கள். ஜரீர் இணங்கினார். ஆனால் அக்குலத்துப் பெண்மணி உம்மு குர்ஸ் இணங்கவில்லை. "என் தந்தை இறந்துபோனார், அவருடைய பங்கு ஸவாதில் உறுதியாயிற்று, நான் விட்டுத்தர மாட்டேன்" என்றார். பேரரசின் தலைவர் அவரை அதட்டவில்லை. அவர் கேட்டது பழக்கப்பட்ட ஓர் ஒட்டகம், அதன்மேல் செம்போர்வை, கை நிறையப் பொன். மூன்றும் தரப்பட்டன, பங்கை விட்டுக்கொடுத்தார். பொதுநன்மைக்காகவே ஆயினும், உறுதியான பங்கு அதற்குரியவரின் சம்மதமின்றி எடுக்கப்படவில்லை.

மறுவாரம் அதே பேருந்தில் அம்மாணவரைக் கண்டு இவற்றுள் இயன்றதைச் சொன்னோம். குர்பானி மாட்டை ஏழு பேருக்குப் பிரிக்கையில் நம் தெருவில் தராசு வைப்பதை அவர் கண்டிருக்கின்றார்; கைமதிப்பில் பிரிக்கலாகாது, நிறுத்தே பிரிக்க வேண்டும் என்னும் ஹனஃபிச் சட்டத்தையும் நினைவூட்டினோம். ஏழு பங்கும் சமமான பின் எது யாருக்கென்று சீட்டுக் குலுக்கலாம். சமமாக்குமுன் குலுக்கினால் அது சூதை நெருங்கும். இந்த வேறுபாட்டை அவர் சட்டெனப் பிடித்துக்கொண்டார். இனி ஒவ்வொரு போருக்கு முன்பும் விதியை எழுதி எல்லாரிடமும் ஒப்புதல் பெறுவதாகவும், தலைவரின் உறவினர் பெயர் வரும்போது தலைவர் விலகி நிற்பதாகவும் தாமும் நண்பர்களும் பேசியிருப்பதாகக் கூறினார். அந்த வாள் என்னாயிற்று என்று கேட்டோம். மச்சான் இன்னும் திருப்பித் தரவில்லையாம்.

விக்கிரவாண்டி தாண்டியதும் மற்றொரு வினா எழுப்பினார். குழுவில் ஒருவன் பத்து இரவும் உடனிருந்து போரிட்டான்; பூதம் வீழ்ந்த மறுநாளே வேலைக்காக ஷார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டான்; இப்போது விளையாட வருவதேயில்லை; பிரிக்கும்போது அவன் பெயரை எழுத வேண்டுமா? களத்தில் முன்னிலையானவருக்கே பங்கு என்ற விதியை மீண்டும் சொன்னோம். "அப்படியானால் அவனுக்கும் உண்டு" என்றார், சற்றே வருத்தத்துடன். பிறகு கைப்பேசியை எடுத்து அந்தப் பெயரைப் பட்டியலின் கடைசியில் சேர்த்தார். திண்டிவனத்தில் மஃரிபுக்கு பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. இருவரும் இறங்கி நடந்தோம்.